மேற்படிப்பின் விலையைக் கொடுப்பது யார்?

மகன் டாக்டராகி விட்டான். ஊரே வந்து வாழ்த்திவிட்டுப் போயிற்று. அடுத்த மாதமே வீட்டில் வேறு பேச்சு எழுகிறது: "எம்.பி.பி.எஸ். மட்டும் போதுமா? எம்.டி. படித்தால்தானே மதிப்பு? எவ்வளவு ஆகும்?" விசைத்தறி ஓட்டும் தந்தை விரல்விட்டு எண்ணுகிறார், விரல்கள் போதவில்லை. நம் தொழிலாளத் தோழர்கள் பலர் வீட்டில் இன்று இந்தப் பேச்சுத்தான். நடக்கட்டும்! இப்படிக் கவலைப்படும் பேறுகூட நம் பாட்டனுக்குக் கிட்டவில்லையே!

ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும், தோழர்களே.

முதலில் ஆண்டுகளை எண்ணுங்கள். எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, மருத்துவமனைப் பயிற்சி ஓராண்டு. எம்.டி. அல்லது எம்.எஸ். மூன்று ஆண்டு. இதயம், சிறுநீரகம் என்று தனித்துறை வல்லுநராக வேண்டுமானால் மேலும் மூன்று. ஒருநாள்கூட வீணாகாவிட்டாலும் 11½ ஆண்டு! பதினெட்டில் நுழைந்தவன் முப்பதைத் தொடுகிறான். நுழைவுத் தேர்வுக்காக ஓராண்டு, ஈராண்டு வீட்டில் அமர்ந்து படிப்போரும் உண்டு. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அது வெறும் காத்திருப்பு. தங்கையின் திருமணமும் தந்தையின் மருந்துச் செலவும் எதிரே நிற்கும் பிள்ளைக்கோ, அந்த ஆண்டுகளின் வருமானமும் கடன்தான்.

அடுத்துப் பணம். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் தாங்கக் கூடியது. மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலோ ஆண்டுக்கு இருபது இலட்சத்தைத் தாண்டும் துறைகள் இருக்கின்றன. மூன்றால் பெருக்கிப் பாருங்கள்! வங்கிக்குப் போனால், ஏழரை இலட்சத்துக்கு மேல் என்றால் பொதுவாக ஈடு கேட்பார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளையை மருத்துவக் கல்லூரிக்குள் சேர்த்தது 2020-இல் வந்த 7.5 விழுக்காட்டுச் சட்டம். அந்தச் சட்டம் இளநிலைப் படிப்போடு நின்றுவிடுகிறது. உள்ளே விட்டதும் ஏழரை, மேலே ஏறவிடாமல் மறிப்பதும் ஏழரை! சனியைத் திட்டிப் பயனில்லை. இது மனிதர் போட்ட கணக்கு.

"இடஒதுக்கீட்டால் தகுதி கெட்டுவிடும்" என்று அலறுவோரைக் கேட்கிறோம்: 2023 செப்டம்பரில் நடந்தது என்ன? மேற்படிப்பு நீட் தேர்வின் தகுதிக் கோட்டைச் சுழியத்துக்கு இறக்கினார்கள். தேர்வு எழுதிய எவரும் தகுதியானவர்! இடங்கள் காலியாகக் கிடந்தனவாம். தகுதிக் கோட்டைத் தரையில் கிடத்தியவர்கள், கட்டணக் கோட்டை ஓர் அங்குலமாவது இறக்கினார்களா?

இந்த நிலையில் ஏழை வீட்டு டாக்டருக்கு மிஞ்சியிருக்கும் நல்ல வழி ஒன்று உண்டு. மாநிலத்துக்குரிய மேற்படிப்பு இடங்களில் பாதி, அரசுப் பணியிலிருக்கும் மருத்துவர்களுக்கு என்பது தமிழ்நாடு வகுத்த முறை. 2017-இல் அது பறிபோயிற்று; மருத்துவர்கள் போராடினார்கள். 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு, மாநிலங்களுக்கு இந்த உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. உயர் சிறப்புப் படிப்புகளுக்கும் 50 விழுக்காடு என்று 2020 நவம்பரில் அரசாணை வந்தது. 2022 மார்ச்சில் அதற்கும் வழி திறந்தது.

இது டாக்டர்களுக்குத் தரும் சலுகை என்று நினைப்பவர், தாலுகா மருத்துவமனைக்கு ஓர் இரவு போய்ப் பார்க்கட்டும். அறுவை அறை இருக்கும், விளக்கு இருக்கும். மயக்க மருந்து கொடுக்கும் வல்லுநர் இல்லையென்றால் பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை ஆம்புலன்சில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான். வழியில் என்ன ஆகும் என்பதை நாம் எழுதவா வேண்டும்? ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து படிக்கப் போனவர் அரசுப் பணிக்கே திரும்புகிறார். அவர் படிப்புக்கு ஆன செலவு அந்த இரவில் வரவாகிறது.

ஆகவே மகன் வீட்டை அடகு வைக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் அரசுப் பணிக்கான தேர்வை எழுதட்டும். சில ஆண்டு ஊர்ப்புறத்தில் உழைக்கட்டும். பிறகு அந்த ஒதுக்கீட்டில் படிக்கட்டும். தாமதம்தான், வீடு மிஞ்சும்.

ஆனால் பணி நியமனமே இல்லையென்றால் அந்த ஏணிக்கு முதற்படியே கிடையாது. நம் ஆட்சியானாலும் மாற்றார் ஆட்சியானாலும், மருத்துவர் நியமனத்தைத் தள்ளிப்போடும் அரசு அந்தப் பிள்ளையின் எம்.டி. படிப்பையே தள்ளிப்போடுகிறது. கட்டண உதவியை எம்.பி.பி.எஸ். படிப்போடு நிறுத்துவதும் பாதி வழியில் இறக்கிவிடுவதே. அகில இந்திய ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் பிற்பட்டோர்க்கு 27 விழுக்காடு 2021-இல் சும்மா வரவில்லை; கழகமும் பிற கட்சிகளும் வழக்காடியதன் பின் வந்தது. 2025 சனவரியிலோ, மேற்படிப்பு மருத்துவ இடங்களில் குடியிருப்பு அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்றது உச்சநீதிமன்றம். நம் வரிப்பணத்தில் எழுந்த கல்லூரிகளில் நமக்குள்ள பிடி தளர்கிறது. எஞ்சியிருக்கும் அரசு மருத்துவர் ஒதுக்கீட்டின் மீது கண்ணாக இருக்க வேண்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன் உங்கள் தாலுகா மருத்துவமனைக்குப் போய் விசாரியுங்கள்: மருத்துவர் இடங்கள் எத்தனை, காலி எத்தனை, மயக்க மருந்து வல்லுநர் உண்டா? விவரத்தைக் கிளைக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, உங்கள் சட்டமன்ற உறுப்பினர் கையில் நேரில் கொடுங்கள்.