இந்த மாதம் யார் வீட்டுக்குப் போனீர்கள்?



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது மடு மாதா திருத்தலத்தில் திருவிழாக் கொடியேறியிருக்கும். கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் பஸ் ஏற்பாடுகள் நடக்கின்றன. பாயும் தறப்பாளும் சட்டி பானையும் கட்டிவைத்துவிட்டு விடியற்காலைப் பயணத்துக்குக் காத்திருப்பீர்கள். போகிறவர்கள் நல்லபடி போய்வாருங்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதப்போவது, இந்த வருஷம் போகமுடியாமல் வீட்டில் இருக்கிற ஒருத்தியைப் பற்றி.

அதற்கு முன் மடுத் திருவிழா நாளான ஜூலை 2ஆம் திகதியைப் பற்றி ஒரு வார்த்தை. கன்னி மரியாள் தன் உறவினளான எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் போன திருநாளை இப்போது மே 31இல் கொண்டாடுகிறோம். 1969இல் திருவழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தும்வரை அது ஜூலை 2இலேயே வந்தது. நாட்காட்டி மாறியது, மடு மாறவில்லை. 1924இல் மடு மாதாவுக்கு முடிசூட்டியதும் அதே ஜூலை 2இல்தான். இலட்சக்கணக்கில் நாம் மருதமடுக் காட்டுக்குள் போய்க் கூடுகிற அந்த நாள், இரண்டு பிள்ளைத்தாச்சிகள் ஒருவரையொருவர் கண்ட நாள். நம்மில் பலர் இதை யோசித்துப் பார்ப்பதில்லை என்றே நினைக்கிறேன்.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். எலிசபெத்தம்மாளுக்கு ஆறாம் மாதம். வயது போன காலத்தில் கிடைத்த பிள்ளை. மரியாளோ சின்னப் பெண், திருமணம் பேசி முடித்திருந்தாலும் இன்னும் சூசையப்பரின் வீட்டுக்குப் போகவில்லை. ஊர் என்ன பேசும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அவள் அவசரமாக மலைநாட்டுக்குப் புறப்பட்டுப் போய், ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே தங்கினாள். மரியாளின் தாழ்ச்சியையும் பிறருக்கு உதவும் மனதையும் பற்றி இந்த நாளில் நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். எல்லாம் சரிதான். ஆனால் மரியாளுக்கும் அந்த வீடு தேவைப்பட்டது. கேள்வி கேட்காமல் உள்ளே கூப்பிட்டு, முதல் வார்த்தையே வாழ்த்தாகச் சொன்ன ஒரு மூத்த பெண் அவளுக்குத் தேவைப்பட்டாள்.

போன மாதம் மாளிகாவத்தைத் தொடர்மாடியில் ஓர் இளம் குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். பெயர் போடவேண்டாம் என்றார்கள், போடவில்லை. மற்றதை எழுதச் சம்மதித்தார்கள். அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் வேலை. அவ மன்னார்ப் பக்கம். கலியாணம் முடித்து வந்து மூன்று வருஷமாகிறது. கட்டுப்படியான வாடகைக்கு வீடு கிடைத்ததால் மாளிகாவத்தைக்கு வந்தார்கள். மூன்றாம் மாடி, இரண்டு அறை, ஜன்னலைத் திறந்தால் எதிர்மாடிக் கொடியில் காயும் சட்டைகள். பாங்குச் சத்தமும் விகாரையின் பிரித்தும் வீட்டுக்குள் கேட்கின்றன, கோவில் மணிதான் கேட்பதில்லை. கெத்தாராமையில் பிரேமதாச மைதானத்தில் இரவு மட்ச் நடந்தால் சனத்தின் ஆரவாரம் அலையாக வருகிறது, அப்போது பிள்ளை வயிற்றுக்குள் துள்ளுகிறதாம். சொல்லிவிட்டு இருவரும் சிரித்தார்கள். ஏழாம் மாதம்.

சின்ன வயதிலிருந்து ஒரு வருஷமும் மடுத் திருவிழாவைத் தவறவிட்டதில்லையாம் அவ. இந்த வருஷம் தூரப் பயணம் வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். காரணம் இருக்கிறது. முதல் பிள்ளை மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது.

இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அந்த இழப்புக்குப் பிறகு அவவைத் தேடி வந்த சிலர் சொன்னதை அவ என்னிடம் சொன்னா. "செபம் காணாது பிள்ளை, நேர்த்தி ஏதும் மறந்திட்டியளோ?" என்று ஒருவர். "ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளை, பாவம்" என்று இன்னொருவர். சொன்னவர்கள் கெட்டவர்களல்ல, ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த வார்த்தைகள் அவவை மாதக்கணக்கில் நித்திரை கொள்ளவிடவில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகள் லிம்போ என்ற இடத்தில் இருப்பார்கள் என்று நம் பாட்டிமார் காலத்தில் போதித்தது உண்மை. அது ஒருநாளும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்பட்டதில்லை. 2007இல் திருச்சபையின் சர்வதேச இறையியல் ஆணைக்குழு இதை ஆராய்ந்து, அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பிக்கை கொள்ளப் பலமான காரணங்கள் இருக்கின்றன என்று எழுதியது. பதினாறாம் பெனடிக்ட் பாப்பரசரின் அனுமதியோடு வெளிவந்த ஆவணம் அது. இத்தனை வருஷமாகியும் நம் பங்குகளில் பல தாய்மாருக்கு இது தெரியாது. குருக்கள் இதைப் பிரசங்க மேடையிலேயே சொல்லவேண்டும் என்று இந்தப் பக்கத்தின் வழியாகக் கேட்கிறேன். பிள்ளையை இழந்த ஒரு பெண்ணிடம் அவளுடைய செபத்தை அளந்து பார்க்கும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை.

இப்போது அவர்கள் செபிக்கிற விதத்தில் அந்த இழப்பின் பயம் இருக்கிறது. இரவு எட்டரைக்கு அவர் கடையிலிருந்து வருவார். கையில் ஒட்டிய கிரீஸை மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்காருவார். செபமாலை ஒரு பத்து, சில நாளில் அதுவும் முடியாது. சத்தமாகச் செபிக்க அவருக்கு வராது. அவ சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பார். "நான் ஒண்டும் சொல்றதில்ல, அதில ஏதும் குறை இருக்கா?" என்று என்னிடம் கேட்டார். வேதாகமம் முழுவதும் தேடினாலும் சூசையப்பர் பேசிய ஒரு வார்த்தைகூடக் கிடைக்காது என்று அவருக்குச் சொன்னேன். அவர் செய்ததுதான் எழுதப்பட்டிருக்கிறது. எழும்பினார், கூட்டிக்கொண்டு போனார், இடம் தேடினார், எகிப்துக்கு இரவோடிரவாகப் புறப்பட்டார். பல அரச மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் கணவனைப் போகவிடமாட்டார்கள். அந்த நேரத்தில் கதவுக்கு வெளியே நிற்கப்போகிற இந்த மனிதர் இப்போதே இரும்புச்சத்து மாத்திரைக்கு நேரம் பார்த்துத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார். எனக்கு அது செபமாகவே தெரிகிறது.

அவருடைய அம்மா, அதாவது மாமி, தலையணைக்குக் கீழே புனித ஜெராட் மஜெல்லாவின் படத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறா. கொழும்புக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இந்தப் புனிதரைத் தெரியாத பாட்டிமார் குறைவு. இத்தாலியில் 1726இல் பிறந்த தையற்காரரின் மகன், குருவாக அல்லாமல் சாதாரண சகோதரராகச் சபையில் சேர்ந்து 29 வயதில் காசநோயால் இறந்தவர். கர்ப்பிணிகளின் பாதுகாவலரானதற்குச் சொல்லப்படும் கதை சின்னது. ஒரு வீட்டுக்குப் போய்வந்தபோது கைலேஞ்சியை மறந்து விட்டுவிட்டார். வீட்டுச் சிறுமி எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வைத்துக்கொள், ஒருநாள் உதவும் என்றார். வருஷங்கள் கழிந்து அவள் பிரசவத்தில் உயிருக்குப் போராடியபோது அந்தக் கைலேஞ்சியைக் கேட்டாள், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இதுவும் ஒரு வீட்டுக்குப் போய்வந்ததில் பிறந்த கதைதான்.

இந்த மாமி மாளிகாவத்தைக்கு வர முதலில் விரும்பவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபோது அவவின் தெருவில் சாவீடுகள் இருந்தன. ஜூன் மாதமே கோவில் திரும்பத் திறந்தது, மனது திறக்க நாளெடுத்தது. முஸ்லிம்கள் நிறைந்த இடத்தில் மகன் வீடெடுத்ததை அவ ஏற்றுக்கொள்ளவில்லை. இன்று நிலைமை வேறு. அதை மாற்றியவர் எதிர்வீட்டு ராத்தா, ஒரு முஸ்லிம் பெண்மணி.

மன்னார்ப் பிள்ளைக்குச் சிங்களம் தெரியாது. முதல் கிளினிக்கில் கேட்டது விளங்காமல், விளங்கியதைச் சொல்ல முடியாமல், கார்ட்டை நெஞ்சோடு பிடித்தபடி அழுதுகொண்டு வந்ததை ராத்தா படியில் கண்டிருக்கிறார். "அடுத்த முற நான் வாறேன் மகள், டொக்டர் சொல்றத நான் சொல்லித் தாறேன்" என்றார். அன்றுமுதல் ஒவ்வொரு கிளினிக்குக்கும் அவரே கூடப் போகிறார். ஒருநாள் பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்து, மர்யம் நாயகி தனியே பேரீச்ச மரத்தடியில் வலியோடு இருந்த கதையையும், அந்தப் பழத்தை உண்ணச் சொல்லி ஆறுதல் வந்த கதையையும் சொன்னாராம். குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் நம் அன்னையின் பெயரிலேயே இருக்கிறது. அந்த வேதத்தில் பெயர் சொல்லப்பட்ட ஒரே பெண்ணும் அவரே. மாமி அந்தப் பழத்தை ஒன்று எடுத்துச் சாப்பிட்டா என்று மருமகள் சொன்னபோது, அதை எனக்குத் திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

வீடு தேடி வருகிற இன்னொருவரையும் சொல்லவேண்டும். மிட்வைஃப் மிஸ், அதாவது நம் குடும்பநல உத்தியோகத்தர். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து, கர்ப்பிணி இருக்கிற வீட்டைத் தேடிப் போவது இந்த நாட்டின் வழக்கமாகிவிட்டது. 1930களில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது 30 அளவில் நிற்கிறது. மலேரியா ஒழிந்ததும், ஆஸ்பத்திரிகள் பெருகியதும், பெண்கள் படித்ததும் காரணம்தான். ஆனால் குடையும் பையுமாக ஒழுங்கைக்குள் இறங்கி, படியேறி, கதவைத் தட்டிய அந்தப் பெண்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. 1879இல் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையில் தொடங்கிய மகப்பேற்று மருத்துவமனை இன்றும் கின்சி வீதியில் நம் ஏழைத் தாய்மாரை ஏற்றுக்கொள்கிறது. அவரும் நம்மைப் போலக் கிறிஸ்துவை வணங்கியவர்.

பிள்ளை பெறவே பயப்படுகிற காலம் இது. 2019இல் நாட்டில் 3 இலட்சத்துக்கு மேல் பிறப்புகள் பதிவாகின, 2024இல் 2 இலட்சத்து 20 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது. 2022இல் பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றவர்கள் அதை மறக்கவில்லை. வெளிநாடு போனவர்களும் பலர். "இந்தச் சம்பளத்தில பிள்ளையா?" என்று இந்தத் தம்பதியரிடமும் கேட்டிருக்கிறார்கள். இப்படிக் கேட்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு குடும்பம் துணிந்து பிள்ளையை எதிர்பார்த்திருக்கும்போது, அந்தத் துணிவைத் தாங்கிப் பிடிக்கிற கடமை பங்குக்கு உண்டு. அவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம், மன்றாட்டில் சேர்க்கிறோம். வீட்டுக்குப் போகிறோமா? அந்த மூன்றாம் மாடிக்கு இந்த ஏழு மாதத்தில் பங்கிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர்தான் என்று கேட்டபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அவர்களும் பழைய பாடசாலைச் சிநேகிதிகள்.

ஆகையால் ஒரு காரியம் தொடங்குகிறோம். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கொழும்புக்கு வாழ வந்து, தாய் பக்கத்தில் இல்லாமல் பிள்ளையை எதிர்பார்த்திருக்கிற பெண்கள் உங்கள் பங்கில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களிடம் கேட்டு, சம்மதித்தால் மட்டும், எங்கள் அலுவலகத்துக்கு எழுதுங்கள். கிறிஸ்தவர்களாக இருக்கவேண்டும் என்றில்லை. நீங்கள் என்ன செய்யமுடியும் என்பதையும் எழுதுங்கள். சிங்களம் பேசக்கூடிய பெண்கள் முதலில் தேவை, கிளினிக் நாளில் அரை நாள் கூடப் போனால் போதும். சாப்பாடு கொண்டுபோகிறவர்கள், எந்த மணம் ஒத்துவருகிறது, எதைக் கண்டால் சத்தி வருகிறது என்று கேட்டுவிட்டுச் சமையுங்கள். மூத்த பெண்கள் போய்ப் பக்கத்தில் இருந்தாலே பெரிய உதவி. பிரசவக் கதைகளில் பயங்கரமானவற்றை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கணவன்மாரோடு பேச ஆண்களும் வேண்டும், பிள்ளை வளர்த்த தகப்பன்மார் முன்வாருங்கள்.

மாளிகாவத்தைத் தங்கச்சிக்கு ஓகஸ்ட் கடைசியில் திகதி கொடுத்திருக்கிறார்கள். அவவின் அம்மா காயச்சரக்கோடு மன்னாரிலிருந்து ஓகஸ்ட் நடுவில் வருகிறா. ராத்தா ஜூலையில் உம்ரா யாத்திரைக்குப் போகிறார், மூன்று வாரம் இங்கே இருக்கமாட்டார். அந்த மூன்று வாரத்துக்குள் இரண்டு கிளினிக் வருகிறது, இரண்டும் செவ்வாய்க்கிழமை காலையில். செவ்வாய் நவநாளுக்குக் கொச்சிக்கடைக்குப் போகிறவர்களில் யாராவது அந்த இரண்டு நாளும் முதலில் இந்தப் பிள்ளையோடு கிளினிக்குக்குப் போய்விட்டு, பின்னேர நவநாளுக்குப் போகமுடியுமா? முடியுமானவர்கள் இந்த வாரமே அறிவியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்