ஓடுற கணினி குப்பையா?

2025 அக்டோபர் 14: விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய நாள். பழைய கணினிகள் பலவற்றில் 11 ஏறாது. அதுக்காக, நல்லா ஓடுற கணினியைத் தூக்கிப் போடணுமா தோழர்களே?

அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 2000-இல் தொடங்கியது ஃப்ரீ கீக். லாப நோக்கமில்லாத அமைப்பு. தானமா வர்ற கணினியைப் பழுதுபார்த்து, காசில்லாத லினக்ஸை ஏத்தி, கடையில் குறைஞ்ச விலைக்கு விற்குது. வாங்க வழியில்லாதவங்களுக்குச் சும்மாவே கொடுக்குது. தன்னார்வலரா வந்து வேலை கத்துக்கிட்டவங்க, உழைப்புக்கு ஈடா ஒரு கணினியோட வீட்டுக்குப் போயிருக்காங்க. முதலாளித்துவ அமெரிக்காவிலேயே இது முடியுது!

இங்கே? காயலான் கடை. செம்புக்காக வயரை எரிக்கிற தொழிலாளியின் நுரையீரல்தான் விலை கொடுக்குது. கம்பெனிக்கோ இன்னொரு லேப்டாப் வியாபாரம்.

அரசு அலுவலகக் கணினிகளை எடைக்குப் போடாதே! மாவட்டத்துக்கு ஒரு பழுதுபார்ப்பு மையம் திற! ஐடிஐ படிச்ச பிள்ளைகளுக்கு அங்கே வேலை கொடு!