மேல்மாடிக்கு மாபிள் மோகம்

வெள்ளவத்தையில் நண்பரொருவரின் பழைய மாடிவீடு. மேல்மாடி மண்டபத்தின் பலகைத் தளத்தை ஒரு பக்கம் கறையான் அரித்துவிட்டது. "பலகைக்கு மேலேயே சீமெந்து போட்டு மாபிள் பதிக்கலாம், ஐயா" என்றார் மேசன். இலண்டனிலுள்ள மகன் தொலைபேசியிலேயே நிறத்தையும் தெரிவுசெய்துவிட்டார். தளத்தைத் தாங்கும் தீராந்திகளின் நிலையை மட்டும் எவரும் விசாரிக்கவில்லை!

கணக்கைப் பாருங்கள். இரண்டு அங்குலக் கனமுள்ள சாந்து சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 100 கிலோ; ஓடு மேலும் 20 கிலோ. 15 அடிக்கு 12 அடி அறையில் அது 2 தொன். மனிதரும் தளபாடங்களும் அதற்கு மேல். கொங்கிறீற்றுத் தட்டாயின் கதை வேறு. மரமோ பாரத்தில் வளையும், ஈரத்தில் பருக்கும். சாந்தும் ஓடும் அதனுடன் வளையமாட்டா, வெடிக்கும். கழுவும் நீர் வெடிப்பினூடே இறங்கி, கண்ணுக்குத் தெரியாமலே பலகையை உக்கச் செய்யும்.

செய்யத்தக்கது யாது? முதலில் கறையானை ஒழித்துத் தீராந்திகளைச் சோதிக்க வேண்டும். பழுதான பலகைகளை மட்டும் நன்கு காய்ந்த பலாப் பலகைகளால் மாற்றி, தளம் முழுவதையும் தேய்த்து மெருகிடலாம். அது இயலாதெனில் ஒட்டுப்பலகை விரித்து, பாரம் குறைந்த வினைல் பாவலாம். லமினேற்றை நாடுவோர், நீர் ஊறினால் அது ஊதிவிடும் என்பதை மறவாதிருக்க.

பணம் அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: அந்த மினுங்கும் தரையில் ஈரக்காலுடன் நடக்கப்போவது நீங்கள் அல்லர், முதுமையில் தனித்திருக்கும் உங்கள் பெற்றோர்.