குழந்தையின் தோளில் கட்சித் துண்டு

பொதுக்கூட்ட மைதானத்துக்குப் போகும் வழியில் கயிறு கட்டித் துண்டுகள் தொங்கும். கீழே விரித்த தார்ப்பாயில் தலைவர் படம் போட்ட பேட்ஜ், தொப்பி, சாவிக்கொத்து. கட்சிக்கேற்ப நிறம் மாறும், சரக்கு மாறாது. நேற்று எதிர்க்கட்சிக் கூட்டத்தில் கடை போட்டவரே இன்று இங்கே உட்கார்ந்திருப்பார்.

இந்தச் சரக்கைத் தேர்தல் ஆணையம் இரண்டாகப் பிரிக்கிறது. தொப்பி, துண்டு, முகமூடி போன்றவற்றை வேட்பாளரின் செலவுக் கணக்கில் காட்டிவிட்டால் போதும். சேலை, சட்டை கொடுப்பதற்கு அனுமதியில்லை. அது லஞ்சமாகக் கருதப்படலாம். விலையை வைத்துப் பார்த்தால் நியாயமான பிரிவினைதான். ஆனால் மனத்தைக் கட்டிப்போடுவதில் சேலையைவிடத் துண்டுக்கே வலு அதிகம்.

கலிஃபோர்னியாவில் ஃபிரீட்மேன், ஃபிரேசர் என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய ஆய்வு 1966இல் வெளியானது. வீட்டு முன்புறத்தில் ‘கவனமாக வண்டி ஓட்டுங்கள்’ என்று பெரிய, அசிங்கமான பலகை வைக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். நேரடியாகக் கேட்கப்பட்டவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேர்கூட ஒப்பவில்லை. இரண்டு வாரம் முன்பு அதே கருத்துள்ள சிறு அட்டை ஒன்றை வைக்க ஒப்புக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டபோது 76 சதவீதம் பேர் சரி என்றார்கள். அந்தச் சின்ன அட்டை, ‘நான் இப்படிப்பட்ட ஆள்’ என்று அவர்களுக்கே சொல்லிவிட்டிருந்தது.

நம் ஊர் டீக்கடையில் இதைத் தினமும் பார்க்கலாம். இரண்டு பக்கமும் சேலை வாங்கிக்கொண்டு தம் இஷ்டத்துக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் நிறையப் பேர். கட்சி நிறத்தில் கரை போட்ட வேட்டி கட்டியவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. “என்னண்ணே, உங்க ஆளுங்க இப்படிப் பண்ணிட்டாங்க?” என்று யாராவது கேட்டால், தப்பு என்று தெரிந்தாலும் வக்காலத்து வாங்கியாக வேண்டும். பதில் சொல்வது பாதி அவர், பாதி அந்தக் கரை.

இதற்காகத் துண்டையும் வேட்டியையும் தடை செய்யச் சொல்லவில்லை. வயது வந்தவர் தெரிந்து கட்டிக்கொள்வது அவர் உரிமை. வெளியே நடுநிலை பேசி உள்ளே ஆதாயம் தேடுகிறவரைவிட நிறத்தைக் காட்டுகிறவர் நேர்மையானவர்.

நம் ஆட்சேபம் குழந்தைகள் விஷயத்தில். அளவெடுத்துத் தைத்த குட்டிக் கரைவேட்டி, கழுத்தில் துண்டு, நெற்றியில் ரிப்பன், அப்பாவின் தோள்மேல் இரண்டு விரல் காட்டும் பிள்ளை: படம் எடுத்துப் பரப்பாத கட்சி உண்டா? தேர்வு செய்யும் வயது வருவதற்குள் பக்கம் தேர்வாகிவிடுகிறது. பிரசாரத்தில் குழந்தைகளை எவ்வகையிலும் பயன்படுத்தக் கூடாது என்று ஆணையம் 2024 பிப்ரவரியில் கண்டிப்பான அறிவுறுத்தல் வெளியிட்டது. பெற்றோருடன் வெறுமனே வரும் பிள்ளைக்கு அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கு தேவையானதுதான். ஆனால் அதன் நிழலில் துண்டும் தொப்பியும் நுழைந்துவிடுகின்றன.

பிள்ளைகள் மேல் அரசியல் ஏறுவது கூட்டத்தில் மட்டுமல்ல. 2021இல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியபோது, முந்தைய முதல்வர்களின் படம் அச்சிட்ட பள்ளிப் பைகளை வீணாக்காமல் அப்படியே வழங்கச் சொன்னார் புதிதாக முதல்வரான மு.க.ஸ்டாலின். பாராட்டுக்குரிய முடிவு. புத்தகப் பையில் அரசியல்வாதி படம் எதற்கு என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

பிரசார அறிவுறுத்தலில் உள்ள விலக்கு பிள்ளை வருவதற்குத்தான், சின்னம் அணிவதற்கு இல்லை என்று ஆணையம் தெளிவாக எழுத வேண்டும். குழந்தை அளவுச் சரக்கைக் கட்சிகள் தாமாகவே நிறுத்த வேண்டும். கூட்டத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் பெற்றோரே, வெயிலுக்கு ஒரு வெள்ளைத் துண்டு போதும்.