இருமலுக்கு ஊர் பேர் கிடையாது!

ஏரலில் கட்டிட வேலையிலும், ஓட்டல் அடுப்படியிலும் இன்று இந்திப் பேச்சு கேட்கிறது. அந்தப் பையன்களில் ஒருவன் நாலு நாள் இருமினால் போதும். "வடக்கே இருந்து நோயைக் கொண்டாந்துட்டான்" என்று பேச்சு கிளம்பி விடுகிறது.

இந்தப் பேச்சு தப்பு. தப்பு மட்டும் அல்ல, ஆபத்து!

யார் வெளியூர்க்காரன்?

ஆடி அமாவாசைக்கு ஏரல் சேர்மன் கோவிலுக்கு வெளியூரில் இருந்து வரும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். அதில் பலர் சென்னைக்கும் மும்பைக்கும் பிழைக்கப் போனவர்கள். மும்பை தாராவியில் நெல்லைச் சீமைக்காரர்தான் வெளியூர்க்காரர்!

வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகும் ஏரல் பையனுக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். ரத்தம் சோதிக்கிறார்கள். எச்.ஐ.வி. என்றால் வேலை இல்லை, திரும்பி வர வேண்டியதுதான். அங்கே அது அநியாயம் என்றால், ஏரலில் மட்டும் நியாயம் ஆகிவிடுமா?

அமெரிக்காவில் காசநோய் வந்தவர்களில் 4 பேருக்கு 3 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பிறந்த ஊரிலேயே நெஞ்சில் புகுந்த கிருமி, பல வருஷம் தூங்கிவிட்டு எழும்புகிறது. எழுப்புவது எது? பட்டினி, சர்க்கரை வியாதி, எச்.ஐ.வி.! காற்று வராத ஒரே அறையில் பத்துப் பேரைப் படுக்க வைத்தால், ஒருவரின் கிருமி மற்றவருக்கும் பரவும். அந்த அறையை வாடகைக்கு விட்டவர் உள்ளூர்க்காரர்தானே?

இரண்டும் சேர்ந்தால்...

காசநோய்க் கிருமி புகுந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நோய் வருவதே இல்லை. உடம்பு அடக்கி வைத்து விடுகிறது. அந்தக் காவலைத்தான் எச்.ஐ.வி. உடைக்கிறது. உலகம் முழுவதும் எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது காசநோய்தான்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசு அல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986-ம் ஆண்டு சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். 1928-ல் சயரோகத்துக்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம், 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் கதவைத் திறந்தது. வந்தவர்களில் பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருந்தது!

விரட்டினால் என்ன ஆகும்?

"வேலைக்கு வராதே" என்று விரட்டினால், அவன் இருமலை மறைப்பான். அடுத்த ஊருக்குப் போவான். மாத்திரை பாதியில் நின்று போகும். பிறகு மருந்துக்கே அடங்காத கிருமி வளரும். அது ஏரலுக்கும் வரும்!

விரட்டத் தேவையே இல்லை. வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்டாலே காசநோய் குணமாகும் என்று 1950-களின் கடைசியில் உலகத்துக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆராய்ச்சிதான். இன்று பெரும்பாலோருக்கு 6 மாத மருந்து போதும்.

அண்ணாச்சிகள் கவனிக்க!

இரண்டு வாரம் தாண்டிய இருமல், சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பு இருந்தால் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனையும் மருந்தும் இலவசம். காசநோய் என்று தெரிந்தால் எச்.ஐ.வி. சோதனையும் செய்துகொள்வது நல்லது. எச்.ஐ.வி. உள்ளவர் இருமினால் காசநோய்ச் சோதனையைத் தள்ளிப் போடக்கூடாது.

எச்.ஐ.வி. சோதனை முடிவு அவருக்கு மட்டுமே சொந்தம். அதை வெளியே சொல்லவும், அந்த ஒரே காரணத்துக்காக வேலையை விட்டு நிறுத்தவும் 2017-ம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது.

பையன் ஊருக்குப் போகிறானா? ஆஸ்பத்திரியில் சொன்னால், அவன் ஊரிலேயே மருந்து தொடர ஏற்பாடு உண்டு. சத்துணவுக்காக மாதம் ரூ.1,000 பேங்க் கணக்கில் விழும் திட்டமும் இருக்கிறது.

இருமுகிறவனிடம் "எந்த ஊரு?" என்று கேட்க வேண்டாம். "எத்தனை நாளா?" என்று கேட்கட்டும். அந்தக் கேள்வி அவனையும் காப்பாற்றும், கடையையும் காப்பாற்றும்!