மிச்சிலும் பங்கும்

பகுத்துண்டு பிறவுயிர்களைப் பேணுதலை அறங்களுள் தலையாயதாக வைத்தார் வள்ளுவர். அவ்வறத்தை நம் முன்னோர் மக்களளவில் நிறுத்தினாரல்லர். சோறு வடித்து இறக்கியதும், வீட்டார் உண்ணுமுன் ஒரு பிடியைக் காக்கைக்கு வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டு இல்லங்கள் பலவற்றில் இன்றும் உண்டு. நாய்க்கோ, எல்லாரும் உண்டு கையலம்பிய பின்னர், இலையில் எஞ்சியதே வீசப்படுகிறது. கரைந்து பறந்துபோகும் பறவைக்கு முதற்பங்கு. இரவெல்லாம் விழித்திருந்து வாயில் காக்கும் விலங்கிற்குக் கடைமிச்சில்! இம்முறை நேர்மையன்று என்பது மட்டும் என் கருத்தன்று. அது நாயின் உயிர்க்கே கேடாய் முடிதலும் உண்டு என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இத்துணிவு நூலறிவால் மட்டும் வந்ததன்று. யான் பள்ளியிறுதி வகுப்பிற் பயின்ற ஆண்டு, எங்கள் வீட்டில் மணி என்றொரு நாய் இருந்தது. கிறிஸ்துமஸ் நள்ளிரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பியபோது, வாலைக் குழைத்து என் காலடியில் வந்து நின்றது. 'பண்டிகை நமக்கு மட்டுமா?' என்றெண்ணி, அத்தை அனுப்பியிருந்த கேக்கில் என் பங்கை அதற்கு இட்டேன். அது தின்ற விரைவைக் கண்டு மகிழ்ந்து மீண்டும் இட்டேன். உலர்ந்த திராட்சை செறிந்த கேக் அது. மறுநாள் மணி ஓயாது வாந்தியெடுத்தது. அதற்கடுத்த நாள் தலைதூக்கவும் மாட்டாது கிடந்தது, சிறுநீரும் நின்றுவிட்டது. கால்நடை மருத்துவர் முதற்கண் வினாவியது, 'இஃது என்ன தின்றது?' என்பதே. யான் கூறிய விடையைக் கேட்டு அவர் சிறிது நேரம் வாளா இருந்தார். சிறுநீரகங்கள் இரண்டும் செயலற்றுப் போயின என்றார். புத்தாண்டு பிறக்குமுன் மணி இறந்தது. பகைவர் எவரும் அதற்கு நஞ்சிட்டாரல்லர். அதனை நேசித்த யானே இட்டேன்.

திராட்சையும் அதன் உலர்ந்த பழமும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்தல் கூடும் என்பது மருத்துவர் நெடுநாள் அறிந்ததே. எனினும், பழத்திலுள்ள எப்பொருள் அதனைச் செய்கின்றது என்பது விளங்காதிருந்தது. 2021-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சிலர், அது டார்டாரிக் அமிலமாகலாம் எனக் காரணங்காட்டி எழுதினர். இச்செய்தி நம்மவர்க்கு மிகவும் வேண்டற்பாலது. ஏனெனில், அவ்வமிலம் மிகுந்துள்ள மற்றொரு பொருள் நம் அடுக்களையில் நாடோறும் கரைக்கப்படும் புளியே. புளியைத் தின்று சிறுநீரகம் பழுதுற்ற நாய்களைப் பற்றியும் அவர்கள் பின்னர் எழுதியுள்ளனர். இரசமும் குழம்பும் பிசைந்த சோற்றை நாய்க்கு நிறைய இடுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

புளியோடு முடிந்ததா எனின், இல்லை. வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியிலுள்ள சிவப்பணுக்களைச் சிதைக்கும். அதனாற் சோகை உண்டாகும். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் தின்ற நாய்களின் குருதியிற் கேடு காணப்பட்டுள்ளது. வேகவைத்தலால் அந்நச்சுத்தன்மை நீங்குவதில்லை. ஒரே நாளில் மிகுதியாகத் தின்பதாலன்றி, சிறிது சிறிதாகப் பல நாள் தின்பதாலும் அக்கேடு நேரும். நாய்க்கென்றே நாம் எடுத்துவைக்கும் கோழியெலும்போ, வெந்தபின் எளிதில் முறிந்து கூரிய சிம்புகளாகித் தொண்டையையும் குடலையும் கிழிக்கவல்லது. எண்ணெய் மிதக்கும் இறைச்சிக் குழம்பு கணையத்தைப் புண்படுத்தலாம். சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் என்னும் பொருளை நாயின் உடல் விரைந்து கழிக்கமாட்டாது. நெஞ்சத்துடிப்பு மிகுந்து வலிப்பும் காணும். சர்க்கரையற்றது என விற்கப்படும் சவைமிட்டாய்கள் சிலவற்றிற் சேரும் சைலிட்டால், நாயின் குருதியிலுள்ள சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தி உயிர்க்கு இறுதி பயக்கும்.

இவற்றைக் கேட்டு, 'இனி நாய்க்கு யாதும் இடேன்' என எவரும் கதவடைத்தல் வேண்டா. நம் உணவினின்று நாய்க்குத் தரத்தக்கன பல. அவற்றுள் முதலாவது சோறே. 2013-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஓநாயின் மரபணுக்களையும் நாயின் மரபணுக்களையும் ஒப்பிட்டு நோக்கினர். மாச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளே இருக்க, நாய்களிடம் நான்கு முதல் முப்பது வரை இருக்கக் கண்டனர். காட்டில் ஊனுண்டு திரிந்த விலங்கு, உழவன் முற்றத்திற்கு வந்து அவனது தானத்தை உண்டு உண்டு அதற்கேற்ற வயிற்றையும் பெற்றது போலும்! நாம் இட்ட சோறு நாயின் உடலிலேயே எழுதப்பட்டுள்ளது என்பது எத்துணை வியப்பிற்குரியது!

உப்பும் மசாலையும் கலவாத சோற்றோடு, எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறியோ, முள் நீக்கிய மீனோ, அவித்த முட்டையோ சேர்த்திடலாம். சோறு மட்டும் இட்டால் அதன் உடலுக்கு வேண்டும் புரதம் போதாது. வேகவைத்த பரங்கிக்காய், கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியவையும் ஏற்றவை. வாழைப்பழத்தில் ஓரிரு துண்டும், விதை நீக்கிய பப்பாளியும், விதையும் தோலும் அகற்றிய தர்ப்பூசணியும் தரலாம். வளர்ந்த நாய்கள் பலவற்றிற்குப் பால் எளிதிற் செரிப்பதில்லை. சிறிது தயிர் அதனினும் நன்று. நாய்க்கென ஆக்கிய உணவை உண்டு வளரும் நாயாயின், இவ்வாறு நாம் இடையிடையே தருவது அதன் அன்றாட உணவின் ஆற்றலில் பத்திலொரு பங்கைத் தாண்டலாகாது என்பது மருத்துவர் வழக்கமாகக் கூறும் அளவு.

இங்கு இரு தடைகள் எழக்கூடும். 'தெருநாய்கள் காலங்காலமாக எச்சிலிலைச் சோற்றைத் தின்று வாழவில்லையா?' என்பர் சிலர். வாழ்கின்ற நாய்களை நாம் காண்கின்றோம். மடிந்தவற்றை எண்ணினார் யார்? அன்றியும், நம் பாட்டனார் இலையில் எஞ்சியதும் இன்று நம் குப்பைத் தொட்டியிற் சேர்வதும் ஒன்றல்ல. அவர் காலத்து நாய் சைலிட்டாலை அறியாது.

'மக்கட்கே சோறில்லாதபோது நாய்க்கு இத்துணை ஆராய்ச்சி எற்றுக்கு?' என்பர் வேறு சிலர். அவர்தம் இரக்கத்தை யான் போற்றுகின்றேன். ஆயினும் யான் வேண்டுவது ஒரு பிடி சோறு மிகுதியாக அன்று. அதே சோற்றை, குழம்பு ஊற்றிய பின்னன்றி ஊற்றுமுன் எடுத்து வைத்தலே. செலவு கூடுவதன்று, முறையே மாறுவது. வறியோர் பங்கிற் சிறிதும் இதனாற் குறையாது.

மேசையினின்று விழும் துணிக்கைகளை நாய்க்குட்டிகளும் தின்னுமே என்று இயேசுபெருமானிடம் விடை பகர்ந்த தாயை நாம் அறிவோம். அவள் தாழ்மையைப் பற்றிப் பல அருளுரைகள் கேட்டிருக்கின்றோம். அவள் சொல்லில் மற்றொன்றையும் யான் இப்போது காண்கின்றேன். அத்துணிக்கைகள் பிள்ளைகள் உண்ட அப்பத்தினின்றே விழுந்தவை. பிள்ளைகட்கு நலமாவதே நாய்க்குட்டிக்கும் நலமாயிற்று. நம் உணவோ பல சுவையும் பல மணமும் ஏறிப்போயிற்று. நமக்கு இனிப்பதெல்லாம் அதற்கும் இனிக்கும் என்பது மெய். நமக்கு நலமாவதெல்லாம் அதற்கும் நலமாகும் என்பது பொய். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை நாய் அறியாது. அதனை அறிதல் கையில் உணவேந்தி நிற்கும் நம் கடன்.

அன்பு வேண்டும், ஆனால் அறிவொடு கூடிய அன்பு வேண்டும். விடுமுறைக்கு இல்லம் செல்லும் நண்பர்காள்! உம் அன்னையார் சோறு வடித்து இறக்கும்போது, புளியும் வெங்காயமும் அதனை அணுகுமுன், ஒரு பிடியை வேறொரு கலத்தில் எடுத்து வையுங்கள். அஃது உம் வாயிலிற் காத்திருக்கும் உயிர்க்குரிய மிச்சிலன்று, பங்கு. மணிக்கு யான் அதனைச் செய்தேனல்லேன். நீவிர் செய்ம்மின்.