மெருகுக்கு அடியில்

பழைய பொருளைப் புதுப்பித்து விற்பது ஒரு கலை. அதை வாங்குவது அதனினும் பெரிய கலை. இத்திங்கள் நாம் நோக்கவிருப்பது ஜெர்மானிய மோட்டார் சைக்கிள் ஒன்று. பி.எம்.டபிள்யூ. ஆர் 100 ஆர்.எஸ். என்பது அதன் பெயர். 'முற்றிலும் புதுப்பிக்கப்பட்டது' என்ற சொற்களோடு இது விலைக்கு வரும்போது, இளைஞர் மட்டுமன்றி நரைத்த தலையினரும் மயங்கிவிடுகின்றனர்.

மயக்கத்திற்குக் காரணம் உண்டு. முதல் உலகப் போருக்குப்பின் விமான எஞ்சின்கள் செய்யத் தடை விதிக்கப்பட்ட இந்நிறுவனம், 1923ஆம் ஆண்டு மாக்ஸ் ஃபிரிட்ஸ் என்னும் பொறியாளர் வடிவமைத்த ஆர் 32 என்ற வண்டியை வெளியிட்டது. இரு சிலிண்டர்களும் வலமும் இடமுமாகக் கை விரித்து நிற்கும். சங்கிலிக்குப் பதிலாகச் சுழல்தண்டு பின்சக்கரத்தை ஓட்டும். அதன் வலிமை 8.5 குதிரைத்திறனே. அதே அமைப்பு 1976இல் 980 கன செ.மீ. எஞ்சினாகவும் 70 குதிரைத்திறனாகவும் வளர்ந்து நின்றபோது, அதற்குக் காற்றுக் கவசமொன்றும் அணிவிக்கப்பட்டது. ஹான்ஸ் மூத் தீட்டிய வடிவம் அது. இத்தாலியில் பினின்ஃபரினா நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்துச் செப்பனிடப்பட்டது. காற்றும் மழையும் ஓட்டுநரின் மார்பில் அறையாது விலகிச் செல்லும். நாள் முழுதும் நெடுஞ்சாலையில் விரைந்தாலும் களைப்புக் குறைவு. தொடக்கத்தில் வந்த இருக்கையோ ஒன்றரை ஆளுக்கே போதுமானது! இல்லத்தரசிகள் முணுமுணுத்தார்களோ என்னவோ, இருவர் அமரும் இருக்கையும் கிடைத்தது.

1984இல் நிறுத்தப்பட்ட வண்டி, விரும்பியோர் பலராதலால், 1986இல் மீண்டும் வந்து 1992 வரை செய்யப்பட்டது. மறுவரவில் வலிமை 60 குதிரைத்திறனாகக் குறைந்தது. ஆகவே விற்பவர் 'ஆர்.எஸ்.' என்று கூறினால், எந்த ஆண்டினது என்று முதலில் கேட்க வேண்டும்.

இனி, புதுப்பித்தல் என்னும் சொல்லுக்கு வருவோம். வண்ணம் பூசுவதும் புதுப்பித்தலே. எஞ்சினை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துச் சீர்செய்வதும் புதுப்பித்தலே. இவ்விரண்டிற்கும் ஒரே சொல்லை வழங்குவதில்தான் வஞ்சகத்திற்கு வழி பிறக்கிறது. தொடக்ககால வண்டிகளில் முன்பிரேக்கின் எண்ணெய்த் தலைமை உருளை, கைப்பிடியில் இல்லை. பெட்ரோல் டாங்க்கின் கீழே ஒளிந்திருக்கிறது. கைப்பிடியிலிருந்து ஒரு கம்பி வடம் அதனை இயக்கும். அங்கே எண்ணெய் கசிந்தால் வெளியே தெரியாது. அதன் அடியிலுள்ள சட்டத்தின் வண்ணத்தை அது தின்றுகொண்டேயிருக்கும். பளபளக்கும் டாங்க்கைத் தட்டிப் பாராட்டுவதைவிட, அதைக் கழற்றி அடியில் காட்டுமாறு கேட்பது நன்று. மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

இன்னொன்று இதனினும் ஆழத்தில் உள்ளது. கிளட்ச் தட்டு ஏறி அமரும் கியர் பெட்டித் தண்டின் பற்களுக்கு அவ்வப்போது கிரீஸ் இட வேண்டும். இடாவிடில் அவை தேய்ந்து போகும். அதற்குக் கியர் பெட்டியையே பின்னுக்குத் தள்ள வேண்டியிருப்பதால், வண்ணம் பூசுவோர் பெரும்பாலும் அதன் பக்கம் போவதில்லை. செய்திருந்தால் பட்டறையின் ரசீது இருக்கும். நூறு வண்ணப் படங்களைவிட அந்த ஒரு ரசீது மேலானது என்பேன். 1980களின் முற்பகுதியில் வந்த வண்டிகளில் வெளியேற்று வால்வின் இருக்கைகள் வெப்பத்தைச் சரிவரக் கடத்தாமல் அமிழ்ந்துபோன குறையும் உண்டு. அது சீர்செய்யப்பட்டதா என்பதற்கும் தாள் கேட்கலாம்.

எஞ்சின் எண், இடப்பக்கத்தில் எண்ணெய் அளவுகோலுக்கு மேலே பொறிக்கப்பட்டிருக்கும். தொடக்க ஆண்டுகளில் சட்டத்தின் எண்ணும் அதுவும் ஒன்றாகவே இருந்தன. வேறுபட்டால் எஞ்சின் மாற்றப்பட்டது என்று பொருள். அது குற்றமன்று, மறைப்பதே குற்றம். விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

ஜெர்மனியில் முப்பது ஆண்டு கடந்து, மூல நிலையில் நன்கு பேணப்பட்ட வண்டிகளுக்கு 1997 முதல் 'எச்' என்ற எழுத்துடன் தனி எண்பலகை வழங்குகின்றனர். அதைக் காட்டி விலையை உயர்த்துவோர் உளர். அப்பலகை, வண்டி பழைய தோற்றத்தை இழக்கவில்லை என்பதற்குச் சான்று. தண்டின் பற்களுக்குக் கிரீஸ் இட்டதற்குச் சான்றன்று. மங்கிய வண்ணத்தோடு, ஒரே உரிமையாளரிடம் ரசீதுகளோடு வாழ்ந்த வண்டியையே நான் தேர்வேன். பின்னிருக்கையில் மனைவியை அமர்த்தி மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் செல்லவிருப்பவர், டாங்க்கின் மெருகை நம்பியா பிரேக் பிடிப்பார்?